இறுதி ஆட்டத்துக்குப் போன மொட்டை

கிரிக்கெட் டிக்கெட் விலையைப் பற்றி என்னிடம் வாயைக் கொடுத்தால் லேசில் மீள முடியாது என்று எங்கள் கடைத்தெருவில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கல்லாப்பெட்டியில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறேன்.

திருச்சியில் தண்ணீர் மோட்டார் விற்கிற சின்னக் கடை என்னுடையது. தொட்டியம் பக்கத்து வாழைத்தோட்டக்காரர்களும் திருவெள்ளறையைச் சுற்றிக் கிணற்றை நம்பி இருப்பவர்களும்தான் வாடிக்கை. கடைச் சுவரில் ஒரு டிவி மாட்டி வைத்திருக்கிறேன். ஆட்டம் நடக்கிற நாளில் மோட்டார் வாங்க வந்தவர் மோட்டாரை மறந்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு என் கச்சேரியை ஆரம்பிப்பேன்.

என் கச்சேரி இதுதான். நாங்கள் கத்துகிற கத்தலில்தான் இந்த ஆட்டமே பிழைக்கிறது. ஆனால் இறுதி ஆட்டம் என்று வந்துவிட்டால் எங்களுக்கு உள்ளே இடம் இல்லை. டிக்கெட்டை இணையத்தில் விற்கிறேன் என்பார்கள். காலையிலேயே போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், உங்களுக்கு முன்னால் லட்சம் பேர் நிற்கிறார்கள் என்று திரை சொல்லும். நம் முறை வரும்போது மலிவு சீட்டெல்லாம் போயிருக்கும். மிச்சம் இருப்பது ஏசி அறையும் சாப்பாடும் சேர்த்த சீட்டு. நான் என்ன கல்யாணத்துக்கா போகிறேன், சாப்பாடு போட? லீக் ஆட்டத்துக்கு ஒரு விலை, இறுதி ஆட்டத்துக்கு அதைப்போல நாலைந்து மடங்கு. பிட்ச் என்னவோ அதே இருபத்திரண்டு கஜம்தானே! பாதி சீட்டு கம்பெனிக்காரர்களுக்குப் பாஸாகப் போய்விடுகிறது. அவர்கள் பாதிப் பேர் வருவதில்லை, வந்த பாதிப் பேர் ஆட்டம் பார்ப்பதில்லை. இப்படியே போகும். டீ ஆறிவிடும், வந்தவர் எப்படியாவது தப்பித்தால் போதும் என்று பம்பு விலையைக் கேட்பார்.

இந்தக் கச்சேரியைப் பொறுமையாகக் கேட்டவர் ஒருவர்தான், என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் சித்தியும் அவருமாக இருந்தார்கள். பிள்ளை இல்லை. அவருக்குக் கிரிக்கெட்டில் ஒரு எழுத்தும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஆட்டமானாலும் அதே கேள்வியைக் கேட்பார். யாருப்பா இப்ப அடிக்கிறது? நான் சொல்வேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். வாய்விட்டு எரிந்தும் விழுந்திருக்கிறேன். அவர் அதையெல்லாம் சட்டை செய்ததில்லை.

டிக்கெட் என்று வந்தால் மட்டும் அவருக்கு உற்சாகம் வந்துவிடும். அது அவருடைய துறை. ஒருநாள் நான் இறுதி ஆட்டத்து விலையைச் சொல்லிக் குமுறிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். "ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் பஸ்ஸுல கால் வைக்க இடம் இருக்காது. கூட்டம் அதிகமா இருக்குன்னு நான் டிக்கெட்ட ஏத்தியிருந்தா சத்திரம் பஸ் ஸ்டாண்டுலயே என்னை இறக்கிவிட்டு உதைச்சிருப்பாங்க. இவங்கள ஏன் யாரும் உதைக்க மாட்டேங்கறாங்க?"

எனக்கு அந்த வாதம் ரொம்பப் பிடித்துவிட்டது. அதை என்னுடையது போலவே கடையில் பலரிடம் சொல்லிப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

என் மகள் சென்னையில் வேலைக்குப் போன பிறகு வந்த முதல் பெரிய இறுதி ஆட்டம் சென்னையிலேயே நடந்தது. அவள் சின்ன வயதிலிருந்து என் புலம்பலைக் கேட்டு வளர்ந்தவள். இணையத்தில் முயன்றிருக்கிறாள், கிடைக்கவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவர் மூலம், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் மூலம், பிளாக்கில் இரண்டு டிக்கெட் வாங்கிவிட்டாள். போனில் சொன்னபோது அவள் குரல் சந்தோஷத்தில் நடுங்கியது. எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். விடாமல் கேட்டதும் சொன்னாள். அவள் தங்கியிருக்கிற அறைக்கு அரை வருஷம் கட்டுகிற வாடகை அது. நான் கோபப்பட்டிருக்க வேண்டும். பிளாக்கில் வாங்குகிறவன் இருக்கிறவரைதான் விற்கிறவன் இருப்பான் என்று கடையில் எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் இறுதி ஆட்டத்துக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்துக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கும்போது சித்தப்பா இறந்துபோனார். காலையில் காப்பி குடித்துவிட்டுப் பேப்பரோடு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சித்தி என் வீட்டுக்கு ஓடி வந்து வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அவர் அழவில்லை. தம்பி, வந்து உங்க சித்தப்பாவக் கொஞ்சம் எழுப்பு என்றார்.

கொள்ளி போட வேண்டியவன் நான்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, எனக்கும் இல்லை. கொள்ளிடக் கரையில் எனக்கு மொட்டை அடித்து, மீசையையும் எடுத்தார்கள். காரியங்களை முடித்துக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு சித்தி வீட்டுக்குத் திரும்பினேன். பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த சித்தி என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். என் தலையில் கையை வைத்தார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

"அவங்களுக்குப் புள்ள இல்லைன்னு இனிமே ஒருத்தரும் சொல்ல முடியாது தம்பி" என்றார்.

அவர்களைப் பற்றி ஊர் எத்தனையோ சொல்லியிருக்கிறது. கல்யாண வீடுகளில் சித்தியை ஆரத்தித் தட்டுக்கு அருகில் விடமாட்டார்கள். அதையெல்லாம் அறிந்தவன் என்பதால் அந்த வார்த்தை எனக்கு உள்ளே இறங்கியது. நானும் அழுதேன். அதில் பொய் எதுவும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை எங்களுக்குத் தீட்டு. கோயிலுக்குப் போகக்கூடாது, நல்லது எதிலும் கலந்துகொள்ளக்கூடாது. கொள்ளி போட்டவனுக்கு இன்னும் கூடுதல் கட்டுப்பாடு. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் நான் சித்தி வீட்டுக்குப் போய், சித்தப்பா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக் கும்பிட்டுவிட்டு வர வேண்டும். இறுதி ஆட்டம் இந்த நாட்களுக்குள்தான் வந்தது.

சாவுக்கு வந்து திரும்பிய மகள் இரண்டு நாள் கழித்துப் போன் செய்தாள். டிக்கெட்டைப் பற்றிப் பேசவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இதைத் திருப்பிக் கொடுக்க முடியாதாம்ப்பா, நான் ஆபீஸில் யாருக்காவது வித்துடவா என்று கேட்டாள். இப்போது விலை இன்னும் ஏறியிருக்கிறது, உடனே போய்விடும் என்றாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? பிளாக்கில் விற்பது தப்பு, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று தர்மம் பேசினேன். அப்படியானால் யாருக்காவது சும்மா கொடுத்துவிடட்டுமா என்றாள். அரை வருஷ வாடகையைத் தூக்கி யாரோ ஒருத்தருக்குச் சும்மா கொடுப்பதா? யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. போவதென்று அப்போதே முடிவாகிவிட்டது. அதற்கு ஏற்ற காரணங்களைத்தான் அன்றைக்கெல்லாம் தேடிக்கொண்டிருந்தேன். சித்தப்பாவுக்கு வயதாகிவிட்டது, நோய்நொடி இல்லாமல் போனார். மகள் ஆசையாக வாங்கியது. சென்னையில் என்னை யாருக்குத் தெரியும்? ஒருநாள்தானே. இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? என் மனைவியிடம் சொன்னபோது அவள் என் தலையைப் பார்த்தாள், உங்க இஷ்டம் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த டிக்கெட் ஐந்நூறு ரூபாயாக இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன். எழவு வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஐந்நூறு ரூபாயைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. போனால் போகிறது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றிருப்பேன். டிக்கெட் விலை நியாயமா இல்லையா என்று எத்தனையோ வருஷம் கத்தியிருக்கிறேன். வீட்டில் ஒரு சாவு என்றால் கிழித்துப் போட்டுவிட்டு உட்காரக்கூடிய விலைதான் நியாயமான விலை என்று இப்போது தோன்றுகிறது. இதைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. விலை என்னைக் கழுத்தைப் பிடித்து ரயிலில் ஏற்றவில்லை. நானேதான் ஏறினேன்.

சித்தியிடம் மகளுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். தனியாக இருக்கிறாள், ஒரு நடை பார்த்துவிட்டு மறுநாள் காலையில் வந்துவிடுகிறேன் என்றேன். சித்தி பதறிப்போனார். அப்படிப்பட்ட நிலையிலும் எழுந்து அடுப்படிக்குப் போய், சுக்கும் மல்லியும் வறுத்து இடித்த பொடியை ஒரு பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் பனங்கற்கண்டு போட்டுக் கொதிக்க வைத்துக் கொடுக்கச் சொன்னார். விளக்கைப் பற்றிக் கவலைப்படாதே, இன்னைக்கு ஒருநாள் நானே ஏத்திக்கறேன் என்றார். பொட்டலம் சூடாக இருந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீரங்கம் ஸ்டேஷனுக்கு நடந்தேன்.

எழும்பூரில் மகள் காத்திருந்தாள். என் மொட்டையைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடி கண் கலங்கியது. நான் இப்படி ஒரு பொய் சொல்லிவிட்டு வந்தது அவளுக்குத் தெரியாது. அதனால் பொட்டலத்தைக் கொடுக்க முடியவில்லை. கொடுத்தால் எதற்கு என்று கேட்பாள். மைதானத்துக்கு வெளியே அணியின் நிறத்தில் தொப்பி விற்றுக்கொண்டிருந்தார்கள். வெயில் அடிக்குதுப்பா என்று ஒன்றை வாங்கி அவளே என் தலையில் வைத்துவிட்டாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுவரை போகிறவர் வருகிறவரெல்லாம் என் தலையையே பார்ப்பதாகத் தோன்றிக்கொண்டிருந்தது.

வாசலில் சோதனை. காவலர் என் பையைத் தடவிப் பொட்டலத்தை வெளியே எடுத்தார். என்ன இது என்றார். சுக்குப் பொடி என்றேன். தின்கிற பொருள் எதுவும் உள்ளே போகக்கூடாது என்றார். பக்கத்தில் ஒரு பெரிய டிரம், அதில் தண்ணீர் பாட்டில், பிஸ்கட் பாக்கெட், யாரோ கட்டிக்கொண்டு வந்த எலுமிச்சைச் சாதம் எல்லாம் கிடந்தன. பின்னால் கூட்டம் நெட்டித் தள்ளியது. நான் அதை அந்த டிரம்முக்குள் போட்டேன். மகள் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீருக்கு வெளியே விற்பதைப்போல நாலு மடங்கு வாங்கினார்கள். வேறு ஒரு நாளாக இருந்தால் அதற்கு ஒரு கச்சேரி வைத்திருப்பேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. உள்ளே ஏறி அந்தப் பச்சையைப் பார்த்த நிமிஷம் எல்லாம் மறந்துபோனது. டிவியில் ஒரு முழம் நீளத்துக்குத் தெரிகிற மைதானம் கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடந்தது. கூட்டத்தின் சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு வாரமாகச் சாவு வீட்டில் இருந்தவன் நான், எழுந்து நின்று விசில் அடித்தேன்.

என் இடதுபக்கத்தில் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திய ஒருவர் உட்கார்ந்திருந்தார். கம்பெனி பாஸில் வந்தவர் என்று அவரே சொன்னார். வந்ததிலிருந்து போனில்தான் இருந்தார். ஒரு விக்கெட் விழுந்து எல்லோரும் அலறியபோது நிமிர்ந்து பார்த்து, யாரு சார் இப்ப பேட்டிங் என்று என்னைக் கேட்டார். என் கச்சேரியில் நான் திட்டுகிற ஆள் சாட்சாத் இவர்தான். ஆனால் எனக்குக் கோபம் வரவில்லை. பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன். அதற்குப் பிறகு சிறிது நேரம் என்னால் ஆட்டத்தைப் பார்க்க முடியவில்லை.

பொழுது சாய்ந்து விளக்குகள் எரிய ஆரம்பித்த நேரம். புழுக்கம் தாங்கவில்லை. முளைக்கத் தொடங்கிய முடி தொப்பிக்குள் அரித்தது. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுத் துண்டால் தலையைத் துடைத்தேன். திடீரென்று என்னைச் சுற்றி இருந்தவர்கள் ஆர்ப்பரித்தார்கள். மகள், அப்பா, அங்க பாருங்க என்றாள். மைதானத்துப் பெரிய திரையில் நான் இருந்தேன். வீடு உயரத்துக்கு என் மொட்டைத் தலை, மீசை இல்லாத முகம், மடியில் அணித் தொப்பி.

பின்வரிசையிலிருந்து ஒரு இளைஞர் கத்தினார். "அங்கிள் டீமுக்காக மொட்டை போட்டிருக்காருடா!"

அதைக் கேட்டுச் சுற்றிலும் கைதட்டல் கிளம்பியது. அது அப்படியே வரிசை வரிசையாகப் பரவியது. இல்லை என்று தலையை ஆட்டியிருக்கலாம். தொப்பியை எடுத்து மாட்டியிருக்கலாம். குறைந்தபட்சம் குனிந்திருக்கலாம். நான் எழுந்து நின்று, தலைக்கு மேல் இரண்டு கையையும் கூப்பி நாலு பக்கமும் கும்பிட்டேன். திரையில் அந்த மொட்டைத் தலையும் கும்பிட்டது. இவ்வளவு பேர் என்னைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துப் பிரயோஜனமில்லை.

மகள் மட்டும் கைதட்டவில்லை. உட்காருங்கப்பா என்று மெதுவாகச் சொல்லிச் சட்டையைப் பிடித்து இழுத்தாள். உட்கார்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்பது எனக்கு உறைத்தது. ஸ்ரீரங்கத்தில் அது விளக்கு வைக்கும் நேரம்.

எங்கள் அணி தோற்றது. அதை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன், அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேரே சித்தி வீட்டுக்குத்தான் போனேன். படத்துக்கு முன்னால் முந்தின மாலை ஏற்றிய விளக்கில் திரி கருகியிருந்தது. சித்தி வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுதா என்று கேட்டார். விட்டுருச்சு சித்தி என்றேன். பொடியக் குடுத்தியா என்றார். கொடுத்தேன், நன்றாகக் கேட்டது என்றேன். நல்லதுப்பா என்று சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட எழுந்து போனார். தப்பித்துவிட்டேன் என்று நினைத்து அந்தக் காப்பியைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி விஷயத்தைச் சொன்னாள். முந்தின நாள் மாலையே ஊர் முழுக்கப் பார்த்துவிட்டது. தமிழ் வர்ணனைக்காரர், அணிக்காக மொட்டை போட்டுக்கொண்ட தீவிர ரசிகர் என்று என்னைப் பற்றி ரசித்துச் சொன்னாராம். அந்தத் துண்டுப் படம் போன் போனாகப் போயிருக்கிறது. துக்கம் விசாரிக்க வந்த ஒரு அம்மாள், அதுவும் கல்யாண வீடுகளில் சித்தியைத் தட்டுக்குப் பக்கத்தில் விடாத அதே அம்மாள், இது உங்க வீட்டுக்காரரோட அண்ணன் மகன்தானே என்று கேட்டுச் சித்தியின் கையிலேயே போனைக் கொடுத்துவிட்டாள். சித்தி கடைசிவரை பார்த்தாராம். நான் கும்பிட்டதையும் பார்த்தாராம். ஆமா, பாப்பாவப் பாக்கப் போயிருக்கான் என்று மட்டும் சொல்லிப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விளக்கேற்றப் போய்விட்டாராம்.

அப்படியென்றால் காலையில் காய்ச்சலைப் பற்றிக் கேட்டது எல்லாம் தெரிந்துதான். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குளியலறைக்குப் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் நின்றேன்.

கடைக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனேன். தொட்டியத்து வாழைத்தோட்டக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். வெகுநாள் வாடிக்கை. உரிமையோடு பேசுகிறவர். சமயபுரத்துக்குன்னு நேந்துக்கிட்டிருந்தாலும் ஜெயிச்சிருப்பீங்க, அநியாயமா மொட்டை போட்டும் தோத்துட்டீங்களே என்றார். நான் அவரைத் திருத்தவில்லை. திருத்த வேண்டுமானால் எங்கிருந்து ஆரம்பிப்பது? எங்க சித்தப்பா செத்துட்டாரு, அதுக்குப் போட்ட மொட்டை என்றால், அப்புறம் ஏன் அங்கே போனாய் என்ற கேள்வி வரும். சிரித்து வைத்தேன். அன்றைக்கு டிவியைப் போடவில்லை.

அதற்குப் பிறகு தினமும் மாலையில் விளக்கேற்றப் போனேன். ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே போவேன். சித்தி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுப்பார், நான் திரியைத் தூண்டுவேன், கும்பிடுவேன், வந்துவிடுவேன். அவர் கோபமாக இரண்டு வார்த்தை பேசியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். பழைய மாதிரியேதான் இருந்தார். ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. முன்பெல்லாம் நான் கும்பிட்டு எழுந்ததும் ஒரு தடவை என் தலையைத் தொடுவார். இப்போது தொடுவதில்லை.

பதினாறாம் நாள் வந்தது. எங்களில் காரியம் முடிந்ததும் கொள்ளி போட்டவனை மனையில் உட்கார வைத்து உருமால் கட்டுவார்கள். மாமனார் வீட்டிலிருந்து புதுத் துணி கொண்டுவருவார்கள், மனைவியின் அண்ணனோ தம்பியோ அதைத் தலையில் தலைப்பாகையாகக் கட்டிவிடுவார். இவன் துக்கம் முடிந்தவன், இறந்தவரின் இடத்தில் இனி இவன் என்பதற்கு அது அடையாளம். கொள்ளிடக் கரையில் மழித்த தலைமேல் முதலில் ஏற வேண்டியது அந்தத் துணிதான். கிழக்கே பார்த்து மனையில் உட்கார்ந்திருந்தபோது, என் தலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது எது என்பது கூடத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது. பின்னால் யாரோ மெல்லச் சிரித்தார்கள். வேறு எதற்காகவோ கூட இருக்கலாம். காது சூடாகிவிட்டது.

மச்சான் துணியை உதறிப் பிரித்துக்கொண்டு என் பின்னால் வந்து நின்றார். அப்போது சித்தி உள்ளறையிலிருந்து கூடத்துக்கு வந்தார். இந்தச் சமயத்தில் அவர் வெளியே வரக்கூடாது என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. எனக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தார். பதினாறு நாளில் அரை விரல்கடைகூட முளைக்காத என் தலையைப் பார்த்தார். மச்சானைப் பார்த்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"தம்பி" என்றார். குரல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிதான் இருந்தது. "நான் ஒண்ணும் நெனச்சுக்கலை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இது அவங்களுக்காகப் போட்ட மொட்டைதானே?"

கொள்ளிடக் கரையில் கத்தி தலையில் ஓடியபோது என் கண்ணில் தண்ணீர் வழிந்தது நிஜம். அந்த ஈர வேட்டியும், சித்தி தலையில் வைத்த கையும் நிஜம். ஆமாம் என்பதைத் தவிர அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. ஆமாம் சித்தி, அவருக்காகத்தான் என்றேன்.

அந்தப் பத்துப் பதினைந்து நாளில் நான் அவரிடம் சொன்ன ஒரே உண்மை அதுதான். ஆனால் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று சொன்ன அதே குரலில், பொடி நன்றாகக் கேட்டது என்று சொன்ன அதே குரலில்தான் அதுவும் வெளியே வந்தது. என் காதுக்கே அது பொய் மாதிரி இருந்தது.

சித்தி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மச்சானிடம், சரி, கட்டுங்க என்றார்.